டயல்-இன் அழைப்பு ரூட்டரில் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

சிஸ்கோ 2509, 2511, 2600, 3600 வகை ரூட்டர்களில் மோடம் மாட்டி, வெளியிலிருந்து வரும் டயல்-அப் அழைப்புகளை வாங்க வைக்கும்போது எழும் கோளாறுகளுக்கான வழிமுறை இது. பழைய கிளை இணைப்பாக இருக்கலாம். மற்ற லிங்க் எல்லாம் விழுந்தபின் ரூட்டருக்குள் நுழைய வைத்திருக்கும் பின்வாசலாகவும் இருக்கலாம். எதுவானாலும் அழைப்பு ஒரே வரிசையில்தான் ஏறும்: மணி, கேரியர் (இரு மோடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஒலி), லைன் (மோடம் மாட்டிய ரூட்டர் போர்ட்), பிபிபி (போன் இணைப்பில் ஐபியை ஏற்றிச்செல்லும் நெறிமுறை), அடையாளச் சோதனை, ஐபி முகவரி, ரூட்டிங். கீழ்ப்படி ஒன்று விழுந்திருக்க, மேல்படியைத் திருத்திப் பயனில்லை. பலரும் முதலில் கைவைப்பது இன்டர்ஃபேஸ் அமைப்பில். கோளாறோ பெரும்பாலும் அதற்குக் கீழே, மோடத்துக்கும் லைனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆகவே எதையும் மாற்றுமுன் அழைப்பு எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ரூட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

ஒப்பிட்டுப் பார்க்க, 16 லைன் கொண்ட 2511-இல் வேலை செய்யும் அடிப்படை அமைப்பு:

யூசர்நேம் ‹பெயர்› பாஸ்வேர்ட் ‹கடவுச்சொல்›
ஐபி லோக்கல் பூல் டயல்இன் 192.168.10.201 192.168.10.216
இன்டர்ஃபேஸ் குரூப்-அசிங்க் 1
 ஐபி அன்நம்பர்ட் ஈதர்நெட் 0
 என்கேப்சுலேஷன் பிபிபி
 அசிங்க் மோட் இன்டராக்டிவ்
 பியர் டிஃபால்ட் ஐபி அட்ரஸ் பூல் டயல்இன்
 பிபிபி ஆதென்டிகேஷன் சாப் பாப்
 குரூப்-ரேஞ்ச் 1 16
லைன் 1 16
 லாகின் லோக்கல்
 மோடம் இன்அவுட்
 டிரான்ஸ்போர்ட் இன்புட் ஆல்
 ஆட்டோசெலக்ட் டியூரிங்-லாகின்
 ஆட்டோசெலக்ட் பிபிபி
 ஸ்டாப்பிட்ஸ் 1
 ஸ்பீட் 115200
 ஃப்ளோகன்ட்ரோல் ஹார்ட்வேர்

கடைசி மூன்று வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ரூட்டர் 9600 வேகம், 2 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் (ஒரு பக்கம் நிரம்பினால் மறுபக்கத்தைக் காத்திருக்கச் சொல்லும் ஏற்பாடு) இல்லை என்று வைத்துக்கொள்ளும்.

மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை (விண்டோஸில் பிழை 678)

சாதாரண தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்துக் கேளுங்கள். மோடம் எடுத்துக் கிறீச்சிட்டால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எடுக்கவில்லை என்றால் மோடத்தில் தானாகப் பதிலளிக்கும் வசதி அணைந்திருக்கிறது. எஸ்0 ரெஜிஸ்டர் 0 ஆக இருந்தால் மோடம் மணியை வேடிக்கை பார்க்கும். 1 ஆக இருந்தால் முதல் மணியிலேயே எடுக்கும். வெளிப்புற யூஎஸ் ரோபாடிக்ஸ் மோடங்களில் பின்பக்க டிப் சுவிட்சும் இதைத் தீர்மானிக்கிறது. அங்கே 5-வது சுவிட்சைப் பாருங்கள்.

எஸ்0=1 இருந்தும் எடுக்கவில்லையா? ரூட்டர் டிடிஆர் சிக்னலை (‘நான் தயார்’ என்று ரூட்டர் மோடத்துக்குச் சொல்லும் கம்பி) தூக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். &டி2 அல்லது &டி3 அமைப்பில் உள்ள மோடம், டிடிஆர் தாழ்ந்திருக்கும் வரை அழைப்பை எடுக்காது. ரூட்டர் அணைந்திருந்தாலும், கேபிள் முனையின் அடாப்டர் தவறாக இருந்தாலும் வெளியே தெரிவது இதே அறிகுறிதான்.

பல லைன்கள் ஒரே எண்ணின் கீழ் ஹன்டிங்கில் இருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தொலைபேசி நிலையம் ‘பிஸி’யாக உள்ள லைனைத்தான் தாண்டிப் போகும், மணி அடித்தும் எடுக்காத லைனைத் தாண்டாது. எனவே வரிசையில் முதலாவது மோடம் செத்திருந்தால், மற்ற 15 மோடமும் நலமாக இருக்க, அழைப்பவர் எல்லாரும் அந்த ஒன்றிலேயே போய் முட்டுவார்கள். ‘ஷோ லைன்’ தரும் பட்டியலில் ‘யூசஸ்’ என்ற பத்தியைப் பாருங்கள். அக்கம்பக்கத்து லைன்களில் எண்ணிக்கை ஏறியிருக்க, ஒன்று மட்டும் பழைய எண்ணிலேயே நின்றால் அதுதான் குற்றவாளி. மாற்று மோடம் வரும்வரை அந்தத் தொலைபேசி இணைப்பை ‘பிஸி’யாக வையுங்கள்: மோடம் கட்டளை கேட்டால் ஏடிஎச்1, கேட்காவிட்டால் ஒரு சாதாரண போனை மாட்டி ரிசீவரை எடுத்துவைத்தால் போதும்.

மோடம் எடுக்கிறது, கேரியரும் வருகிறது, ரூட்டர் மட்டும் அசையவில்லை

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். அதனால் இந்தப் பகுதி நீளம். அழைப்பு எதுவும் இல்லாத நேரத்தில் ‘ஷோ லைன் 1’ அடியுங்கள். ‘மோடம் ஸ்டேட்’ வரியில் ‘ஐடில்’ என்றும், ‘மோடம் ஹார்ட்வேர் ஸ்டேட்’ வரியில் ‘சிடிஎஸ் நோடிஎஸ்ஆர் டிடிஆர் ஆர்டிஎஸ்’ என்றும் இருக்க வேண்டும். சிடிஎஸ் என்றால் மோடம் எழுத்து வாங்கத் தயார், ஆர்டிஎஸ் என்றால் ரூட்டர் வாங்கத் தயார், டிஎஸ்ஆர் கம்பியில் ரூட்டர் பார்ப்பது கேரியரை; ‘நோ’ ஒட்டினால் அந்தச் சிக்னல் இறங்கியிருக்கிறது. சும்மா இருக்கும் ஆரோக்கியமான லைனுக்கு இதுதான் நாடித்துடிப்பு. இதிலிருந்து விலகும் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்லும்.

‘நோசிடிஎஸ்’ என்று வந்தால், மோடத்துக்கு மின்சாரம் இல்லை, அல்லது கேபிள் சரியில்லை, அல்லது மோடத்தில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயக்கப்படவில்லை. இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

அழைப்பே இல்லாதபோது ‘டிஎஸ்ஆர்’ மேலே இருந்தால், மோடம் கேரியர் சிக்னலை நிரந்தரமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறது (&சி0), அல்லது அடாப்டர் தவறானது. ரூட்டருக்கு அழைப்பு வந்ததும் போனதும் தெரிவது இந்த ஒரு கம்பியின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே. அது ஏறியே இருந்தால் அழைப்பு ஒருநாளும் முடியாது. இறங்கியே இருந்தால் அழைப்பு ஒருநாளும் தொடங்காது.

மோடம் ஸ்டேட் ‘ஐடில்’ ஆக இல்லாமல் எப்போதும் ‘ரெடி’ என்றே இருந்தால், லைனில் ‘மோடம் இன்அவுட்’ அல்லது ‘மோடம் டயல்இன்’ எழுதப்படவில்லை. மோடம் கன்ட்ரோல் இல்லாத லைனை ரூட்டர் எப்போதும் யாரோ இருக்கும் டெர்மினலாகவே நடத்தும். சிக்னல் பெயருக்குப் பக்கத்தில் உடுக்குறி இருந்தால் கலங்க வேண்டாம்: கடந்த 24 மணி நேரத்துக்குள் அது மாறியிருக்கிறது, அல்லது தற்போதைய மோடம் கன்ட்ரோல் முறையில் அது பயன்படவில்லை என்பதே பொருள்.

இனி கேபிள். ஆக்ஸ் போர்ட்டுக்கு (ரூட்டரின் துணைப் போர்ட்): ரோல்ஓவர் கேபிள் (கம்பி வரிசை மறுமுனையில் தலைகீழாக வருவது), அதன் முனையில் ‘மோடம்’ என்று அச்சிட்ட ஆர்ஜே-45 — டிபி-25 அடாப்டர் (கேப்-25ஏஎஸ்-எம்மோட்). இந்த அடாப்டர் மோடத்தின் 8-ஆம் பின்னில் வரும் கேரியர் சிக்னலை ரூட்டரின் டிஎஸ்ஆருக்குக் கொண்டுவருகிறது. பழைய எம்டிசிஈ அடாப்டர் பார்ப்பதற்கு அச்சு அசல் இதேபோல் இருக்கும். ஆனால் 6-ஆம் பின்னை, அதாவது மோடத்தின் டிஎஸ்ஆரை எடுத்துவரும். அதை மாட்டினால் எழுத்துகள் போகும் வரும், அழைப்பு அறுந்தது மட்டும் ரூட்டருக்குத் தெரியாது. மாற்று கிடைக்காத இடத்தில் எம்டிசிஈ அடாப்டரைத் திறந்து, 6-இல் உள்ள கம்பியை 8-க்கு மாற்றிச் சமாளிக்கலாம்.

2509, 2511-இல் வரும் எட்டுத்தலை ஆக்டல் கேபிள் உள்ளுக்குள்ளேயே ரோல் செய்யப்பட்டது. அதன் நுனியில் அடாப்டரை நேரே மாட்டவேண்டும். நீளம் போதவில்லை என்று நடுவில் இன்னொரு ரோல்ஓவரைச் சேர்த்தால் இரண்டு புரட்டலும் ஒன்றையொன்று அடித்துப்போடும். நேர் கேபிளாகிவிடும், எதுவும் வேலை செய்யாது. நீட்டிக்க நேர் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

கன்சோல் போர்ட்டில் மோடம் மாட்ட வேண்டாம். அங்கே மோடம் கன்ட்ரோலும் இல்லை, ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலும் இல்லை. எனேபிள் நிலையில் (ரூட்டரின் முழு நிர்வாக உரிமை) இருந்த ஒருவரின் அழைப்பு அறுந்தால் கன்சோலுக்கு அது தெரியாது. அடுத்து அழைப்பவர் கடவுச்சொல் இல்லாமல் அதே எனேபிள் நிலையில் போய் இறங்குவார்.

மோடத்தோடு நேராகப் பேசுவது: ரிவர்ஸ் டெல்நெட்

சிக்னல் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ரூட்டர் வழியாகவே மோடத்துக்குள் போகலாம். ரூட்டரின் ஏதாவது ஒரு ஐபி முகவரிக்கு, 2000-உடன் லைன் எண்ணைக் கூட்டி வரும் போர்ட்டில் டெல்நெட் செய்யுங்கள். லைன் 5 என்றால் 2005. ஆக்ஸ் போர்ட்டின் லைன் எண் மாடலுக்கு மாடல் மாறும்: 2511-இல் 17, 2600-இல் 65. ஊகிக்க வேண்டாம், ‘ஷோ லைன்’ பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் ‘ஏடி’ என்று அடித்தால் ‘ஓகே’ வரவேண்டும். வந்தால் கேபிளும் வேகமும் சரி. பிறகு ராக்வெல் வகை மோடங்களுக்கு இந்தச் சரம் பெரும்பாலும் போதும்:

ஏடி&எஃப்&சி1&டி3&கே3எஸ்0=1ஈ0க்யூ1&டபிள்யூ

&சி1 கேரியரை உண்மையாகக் காட்டும். &டி3, டிடிஆர் விழுந்ததும் அழைப்பை வெட்டி, சேமித்த அமைப்புக்கு மோடத்தைத் திருப்பும். &கே3 ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல். ஈ0, க்யூ1 எதிரொலியையும் பதில் செய்திகளையும் அடக்கும். &டபிள்யூ சேமிக்கும். க்யூ1 போட்டபின் மோடம் ‘ஓகே’ சொல்லாது. செத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். யூஎஸ் ரோபாடிக்ஸில் &கே3-க்கு வேறு பொருள்; அங்கே &எஃப்1-இல் தொடங்குங்கள், அது ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலையும் நிலையான போர்ட் வேகத்தையும் சேர்த்தே போடும். லைனில் ‘மோடம் ஆட்டோகான்ஃபிகர் டைப்’ என்று மோடத்தின் வகையைச் சொல்லி ரூட்டரிடமே இந்த வேலையை ஒப்படைக்கலாம். ‘டிஸ்கவரி’ என்று விடுவது வசதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பல வேகங்களையும் சரங்களையும் முயன்று பார்க்கும், தவறாகக் கண்டுபிடிப்பதும் உண்டு. மோடம் என்னவென்று தெரிந்தால் பெயரைச் சொல்லிவிடுவதே மேல்.

டெல்நெட் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று திரும்பினால் காரணங்கள் சில மட்டுமே. ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் ஆல்’ விடுபட்டிருக்கும். அல்லது ‘மோடம் டயல்இன்’ இருக்கும்; அது உள்வரும் அழைப்புக்கு மட்டும், வெளிச்செல்லும் பக்கம் மூடியிருக்கும். அல்லது இன்டர்ஃபேஸில் ‘அசிங்க் மோட் டெடிகேட்டட்’ இருக்கும். இல்லாவிட்டால் லைனில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6, பிறகு எக்ஸ் அழுத்தி வெளியே வந்து, ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். வெளியே வருவதோடு நிறுத்திவிட்டால் அமர்வு உள்ளே உயிரோடு இருக்கும், லைன் பிடிபட்டே கிடக்கும். மோடத்தைச் சரிசெய்தபின் ‘இப்போது முன்பைவிட மோசம், எந்த அழைப்பும் ஏறவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இந்த மறந்துபோன அமர்வைத்தான். ‘கிளியர் லைன்’ போட்டால் விடுபடும்.

இணைந்ததும் திரையில் குப்பை எழுத்து

டயல் செய்தபின் டெர்மினல் ஜன்னலைத் திறந்து பாருங்கள். குப்பையில் இரண்டு சாதி உண்டு. ~ குறியும் } குறியும் திரும்பத் திரும்ப வந்தால் அது குப்பையே அல்ல; ரூட்டர் பிபிபி பேசத் தொடங்கிவிட்டது. ‘அசிங்க் மோட் டெடிகேட்டட்’ போட்ட இன்டர்ஃபேஸ் இப்படித்தான் பேசும். டெர்மினல் ஜன்னலை மூடிவிட்டு, விண்டோஸை நேராக பிபிபிக்குப் போகவிட்டால் இணைந்துவிடும்.

ஒழுங்கே இல்லாமல் பலவகைச் சின்னங்கள் சிதறினால் வேகப் பொருத்தமின்மை. இதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடையிலான வேகத்தை மோடம் தானாக ஊகிப்பதில்லை; கடைசியாக எந்த வேகத்தில் ‘ஏடி’ கட்டளை வந்ததோ அதையே பிடித்துக்கொள்ளும். ரூட்டர் லைனை 38400-லிருந்து 115200-க்கு மாற்றிவிட்டு மோடத்துக்கு ஒரு ‘ஏடி’ கூட அனுப்பாவிட்டால், அடுத்த அழைப்பில் மோடம் 38400-இலேயே பேசும். வேகத்தை மாற்றியதும் ரிவர்ஸ் டெல்நெட்டில் போய் ‘ஏடி’, பிறகு ‘ஏடி&டபிள்யூ’. சேமிக்காமல் விட்டால் அடுத்த மின்வெட்டு வரை நன்றாக ஓடும். அதற்குப் பின் மறுபடி குப்பை.

2500 தொடரின் ஆக்ஸ் போர்ட் 38400-க்கு மேல் போகாது. அங்கே 115200 என்று எழுதிப் பயனில்லை.

முதல் அழைப்பு ஏறுகிறது, அடுத்தது ஏறவில்லை

முதலாமவர் போனதை ரூட்டர் உணரவில்லை, அல்லது ரூட்டர் வெட்டியதை மோடம் உணரவில்லை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. அழைத்தவர் தன் பக்கம் துண்டித்தபின் ‘ஷோ லைன்’ பாருங்கள். டிஎஸ்ஆர் இன்னும் மேலே இருந்தால் &சி1 அல்லது அடாப்டர் பிரச்சினை. மாறாக, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘கிளியர் லைன் 1’ கொடுங்கள்; மோடத்தின் கேரியர் விளக்கு அணையவில்லை என்றால் &டி2 அல்லது &டி3 இல்லை, அல்லது டிப் சுவிட்சில் டிடிஆர் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது.

‘நாய்ஸ்’ பத்தியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஈ0, க்யூ1 விடுபட்டிருக்கும். ரூட்டர் ‘யூசர்நேம்’ என்று கேட்க, மோடம் அதையே எதிரொலிக்க, ரூட்டர் அதைப் பெயராக எடுத்துக் கடவுச்சொல் கேட்க... இரண்டும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்.

லைன் எழுகிறது, பிபிபி தொடங்கவில்லை (பிழை 718, 720)

‘டீபக்’ கட்டளைகள் ரூட்டருக்குள் நடப்பதை வரிவரியாகக் காட்டும். ‘டீபக் மோடம்’ போட்டு ஒரு அழைப்பை வரவிடுங்கள். நல்ல அழைப்பில் ‘டிஎஸ்ஆர் கேம் அப்’, பிறகு ‘ஐடில்->ரெடி’, பிறகு ‘ஆட்டோசெலக்ட் ஸ்டார்டட்’, அதன்பின் சாம்பிள்கள் (ரூட்டர் வாங்கிய முதல் பைட்டுகள்) வரிசையாக 7ஈ, 7ஈஎஃப்எஃப், 7ஈஎஃப்எஃப்7டி, 7ஈஎஃப்எஃப்7டி23 என்று வளர்ந்து, ‘பிபிபி நெகோஷியேட்’ கட்டளை ஓடும். 7ஈ என்பது பிபிபி சட்டகத்தின் தொடக்கக் குறி; திரையில் ~ ஆகத் தெரிவதும் அதுதான்.

சாம்பிளே வராவிட்டால் லைனில் ‘ஆட்டோசெலக்ட் பிபிபி’ இல்லை. ரூட்டர் பெயர் கேட்டுக் காத்திருக்கும், விண்டோஸ் பிபிபி அனுப்பிக் காத்திருக்கும், கடைசியில் 718. ‘ஆட்டோசெலக்ட் டியூரிங்-லாகின்’ விடுபட்டால் பயனர் ஒருமுறை என்டர் தட்டினால்தான் நகரும். டெர்மினல் ஜன்னலில் வேலை செய்கிறது, நேராக டயல் செய்தால் இல்லை என்ற புகாருக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பிபிபி தொடங்கியும் நின்றால் ‘டீபக் பிபிபி நெகோஷியேஷன்’. எல்சிபியில் (பிபிபியின் முதல் பேச்சுவார்த்தை) ரூட்டர் ‘ஓ கான்ஃப்ரெக்’ (வெளியே போகும் கோரிக்கை) மட்டும் அனுப்பிக்கொண்டிருக்க, ‘ஐ’ (உள்ளே வருவது) என்று தொடங்கும் வரி ஒன்றுகூட வராவிட்டால் எதிர்ப்பக்கம் கேட்கவில்லை: வேகமோ ஃப்ளோ கன்ட்ரோலோ மீண்டும் பாருங்கள். தான் அனுப்பியதே தனக்கு வருவதாக, லூப் என்று சொன்னால் மோடம் எதிரொலிக்கிறது. கேரியர் அறுந்தபின்னும் டிஎஸ்ஆர் மேலே இருக்கும் லைனில் இது நடக்கும்.

720 என்பது எல்சிபி, அடையாளச் சோதனை இரண்டும் தாண்டி, பொதுவான நெட்வொர்க் புரோட்டோகால் எதுவும் ஒத்துவரவில்லை என்பது. இன்டர்ஃபேஸில் ‘ஐபி அன்நம்பர்ட்’ வரி இல்லாவிட்டால் ஐபிசிபியை (பிபிபிக்குள் ஐபி முகவரி பேசும் பகுதி) ரூட்டர் திருப்பி அனுப்பிவிடும். டீபக்கில் ஐபிஎக்ஸ், நெட்பியூஐ, சிசிபிக்கு ‘ப்ரோட்ரெஜ்’ வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்டோஸ் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கேட்கும், ரூட்டர் இல்லாததை மறுக்கும்; தீங்கில்லை.

பெயரும் கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் பிழை 691

‘டீபக் பிபிபி ஆதென்டிகேஷன்’ காட்டும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். விண்டோஸில் டொமைன் பெட்டி நிரப்பப்பட்டிருந்தால் பெயருக்கு முன்னால் டொமைனும் பின்சாய்கோடும் ஒட்டிக்கொண்டு வரும். ரூட்டரின் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை. பெட்டியைக் காலி செய்யுங்கள்.

கடவுச்சொல்லின் முடிவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் ஐஓஎஸ் (சிஸ்கோ ரூட்டரின் இயக்க மென்பொருள்) அதையும் கடவுச்சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஐயம் இருந்தால் அந்த வரியை நீக்கிவிட்டுக் கையால் அடியுங்கள்.

‘யூசர்நேம்... சீக்ரெட்’ என்று எழுதியிருந்தால் சாப் (கடவுச்சொல்லை அனுப்பாமல் சவால்-விடை வழியே சோதிக்கும் முறை) ஒருபோதும் வெல்லாது. சாப் சவாலுக்கு விடை கணக்கிட ரூட்டருக்குக் கடவுச்சொல்லின் மூலவடிவம் வேண்டும். ‘சீக்ரெட்’ அதை ஒருவழிச் சுருக்கமாக மாற்றிவிடுகிறது. பாதுகாப்புத் தணிக்கைக்குப் பின் எல்லாரையும் ‘சீக்ரெட்’டுக்கு மாற்றிய மறுநாள் டயல்-இன் மொத்தமாக நின்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். சாப் பயனர்களுக்கு ‘பாஸ்வேர்ட்’ என்றே விட்டு, அவர்களுக்கு ரூட்டர் நிர்வாக உரிமை எதுவும் கொடுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கம் விண்டோஸ் அல்ல, இன்னொரு ரூட்டர் என்றால் இரு பக்கமும் ஒன்றையொன்று சோதிக்கும். ஒவ்வொன்றிலும் மற்றதன் ஹோஸ்ட்நேம் பயனர் பெயராக, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல், ஒரே கடவுச்சொல்லோடு இருக்கவேண்டும். ஒருவழிச் சோதனை போதும் என்றால் அழைக்கும் பக்கத்தில் ‘பிபிபி ஆதென்டிகேஷன் சாப் காலின்’.

ரேடியஸ் சர்வர் (பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டருக்கு வெளியே சோதிப்பது) வைத்திருப்பவர்கள் முதலில் போர்ட்டைப் பாருங்கள். ஐஓஎஸ் ஒன்றும் சொல்லாவிட்டால் 1645, 1646 போர்ட்டுகளில் பேசும். புதிய சர்வர்கள் 1812, 1813-இல் கேட்கும். சர்வர் பதிவேட்டில் ஒரு வரிகூட விழவில்லை என்றால் இதுதான். பதிவேட்டில் ஏற்றுக்கொண்டதாக இருந்தும் ரூட்டர் வெட்டினால் பதிலில் ‘சர்வீஸ்-டைப் = ஃப்ரேம்டு’, ‘ஃப்ரேம்டு-புரோட்டோகால் = பிபிபி’ இரண்டும் இருக்கின்றனவா என்று சோதியுங்கள்.

இணைந்தது, ரூட்டரைத் தாண்டிப் போகவில்லை

ரூட்டரின் முகவரிக்குப் பிங் போகிறது, உள்ளே உள்ள சர்வருக்குப் போகவில்லை. போன பாக்கெட்டுக்குத் திரும்பி வர வழி இல்லை என்று பொருள். பூல் (அழைப்பவர்களுக்குக் கொடுக்க ஒதுக்கிய) முகவரிகள் ஈதர்நெட்டின் அதே சப்நெட்டில் இருந்தால், டயல் செய்தவருக்காக ரூட்டர் ப்ராக்ஸி ஏஆர்பி மூலம் பதில் சொல்லும். இது இயல்பிலேயே இயங்கும். யாராவது கெட்டிப்படுத்துகிறேன் என்று ஈதர்நெட்டில் ‘நோ ஐபி ப்ராக்ஸி-ஏஆர்பி’ போட்டிருந்தால் எல்லா டயல்-இன் பயனரும் ஒரே நாளில் தனித்தீவாவார்கள். பூல் தனி சப்நெட்டில் இருந்தால் உள் நெட்வொர்க்கின் மற்ற ரூட்டர்களுக்கு அந்த சப்நெட் இந்த ரூட்டருக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் தேவை.

ஐபி எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் ‘அசிங்க்-பூட்பி டிஎன்எஸ்-சர்வர்’ என்ற குளோபல் கட்டளையில் டிஎன்எஸ் முகவரியைக் கொடுங்கள். விண்டோஸ் ஐபிசிபியிலேயே அதைக் கேட்கும்.

பிழை 735 வந்தால் பயனர் தன் பக்கத்தில் நிலையான முகவரி எழுதி வைத்திருக்கிறார்; தானாகப் பெறும்படி மாற்றச் சொல்லுங்கள். முகவரியே கிடைக்காவிட்டால் ‘ஷோ ஐபி லோக்கல் பூல்’ பார்த்து, பூல் தீர்ந்துவிட்டதா, பெயர் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சரியாக இரண்டு நிமிடத்தில் அறுகிறது

கடிகாரம் வைத்ததுபோல் அறுந்தால் தொலைபேசி லைனைக் குறை சொல்ல வேண்டாம். இன்டர்ஃபேஸில் ‘டயலர் இன்-பேண்ட்’ இருந்தால் ஐடில் டைமரும் கூடவே வரும். அதன் இயல்பு மதிப்பு 120 நொடி. ‘இன்ட்ரஸ்டிங்’ என்று குறிக்கப்பட்ட பாக்கெட் மட்டுமே அதை மீட்டமைக்கும். டயலர்-குரூப்பும் டயலர்-லிஸ்ட்டும் இல்லாத இடத்தில் எந்தப் பாக்கெட்டும் அந்தத் தகுதி பெறாது. பயனர் கோப்பு இறக்கிக்கொண்டிருக்கும்போதே வெட்டு விழும். அழைப்பை வாங்க மட்டும் செய்யும் இன்டர்ஃபேஸுக்கு ‘டயலர் இன்-பேண்ட்’ தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். திருப்பி அழைக்கவும் வேண்டும் என்றால் டயலர்-லிஸ்ட் எழுதுங்கள். டைமர் இயல்பாக வெளிச்செல்லும் பாக்கெட்டை மட்டுமே பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘டயலர் ஐடில்-டைம்அவுட் 600 ஈதர்’ என்றால் இரு திசையையும் பார்க்கும்.

பத்து நிமிடத்தில் அறுவது பிபிபி அல்லாத, வெறும் டெர்மினல் அமர்வு என்றால் அது ‘எக்ஸெக்-டைம்அவுட்’. இயல்பு 10 நிமிடம். பின்வாசல் மோடத்தில் அதைக் கூட்டாமல் இருப்பதே நல்லது.

மெதுவாக ஓடுகிறது

பயனர் ‘56கே மோடம் வாங்கியும் 33600 தான் வருகிறது’ என்றால் கோளாறு எதுவுமில்லை. வி.90-இன் 56கே ஒரு முனை டிஜிட்டலாக, அதாவது பிஆர்ஐ (பல அழைப்புகளை ஒரே கம்பியில் சுமக்கும் ஐஎஸ்டிஎன் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) போன்ற இணைப்பில் இருந்தால்தான் கிடைக்கும். ரூட்டர் பக்கத்தில் அனலாக் மோடம் இருக்கும்வரை உச்சவரம்பு வி.34-இன் 33600.

அதற்கும் கீழே இழுத்தால் ‘ஷோ இன்டர்ஃபேஸ் அசிங்க் 1’ பாருங்கள். சிஆர்சி பிழை (சிதைந்து வந்த சட்டகங்களின் எண்ணிக்கை) ஏறினால் பலர் தொலைபேசி லைனில் இரைச்சல் என்பார்கள். வி.42 பிழைதிருத்தம் ஓடும் இணைப்பில் லைன் இரைச்சலை மோடம் தானே மறுபரிமாற்றம் செய்து சரிசெய்துவிடும்; இரைச்சல் வேகத்தைக் குறைக்கும், சிஆர்சியாக ரூட்டருக்கு வராது. சிஆர்சி ஏறினால் மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடையே எழுத்துகள் தொலைகின்றன. ‘ஓவர்ரன்ஸ்’ பத்தியும் சேர்ந்து ஏறினால் ஃப்ளோ கன்ட்ரோல் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. இரண்டும் சுத்தமாக இருந்து வேகம் மட்டும் குறைவு என்றால் அப்போது தொலைபேசி இணைப்பைச் சந்தேகிக்கலாம். யூஎஸ் ரோபாடிக்ஸில் ஏடிஐ6 கடைசி அழைப்பின் மறுபயிற்சி (மோடங்கள் நடுவில் மறுபடி இசைவு பேசுவது) எண்ணிக்கையையும் துண்டிப்புக் காரணத்தையும் காட்டும்.

ஐஎஸ்டிஎன் பக்கம்

பிஆர்ஐ வழியே 30 அழைப்புகள் வாங்கும் ஏஎஸ்5300 போன்றவற்றில் முதல் கட்டளை ‘ஷோ ஐஎஸ்டிஎன் ஸ்டேட்டஸ்’. லேயர் 1 ‘ஆக்டிவ்’, லேயர் 2 ‘மல்டிபிள் ஃப்ரேம் எஸ்டாப்ளிஷ்டு’ என்று இருக்கவேண்டும். சுவிட்ச்-டைப் தவறினால் லேயர் 2 எழாமலோ, எழுந்தும் அழைப்பு புரியாமலோ போகும். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் நாடுகளில் பிஆர்ஐக்கு ‘பிரைமரி-நெட்5’, சிறிய, இரு சேனல் (பேசிக் ரேட்) இணைப்புக்கு ‘பேசிக்-நெட்3’. இரு சேனல் இணைப்பில், அழைப்பில்லாத நேரத்தில் லேயர் 1 ‘டிஆக்டிவேட்டட்’ என்று காட்டுவது சில நாடுகளில் இயல்பு. ஓர் அழைப்பை விட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

பிறகு ‘டீபக் ஐஎஸ்டிஎன் க்யூ931’. ‘செட்அப்’ செய்தியே வரவில்லை என்றால் அழைப்பு தொலைபேசி நிலையத்திலேயே நிற்கிறது, ரூட்டரில் தேட ஒன்றுமில்லை. ‘செட்அப்’ வந்து ரூட்டரே மறுத்தால் பேரர் கேப்பபிலிட்டியைப் படியுங்கள்: 8890 என்றால் 64கே டிஜிட்டல் டேட்டா, 8090ஏ3 என்றால் மோடம் அழைப்பு, அதாவது குரல் வகை. மோடம் அழைப்புகள் மட்டும் மறுக்கப்பட்டு டேட்டா அழைப்புகள் ஏறினால் டி-சேனல் (அழைப்புச் செய்திகள் வரும் சேனல்) இன்டர்ஃபேஸில் ‘ஐஎஸ்டிஎன் இன்கமிங்-வாய்ஸ் மோடம்’ இல்லை. ஈ1-இல் (ஐரோப்பிய வகைக் கம்பி) அந்த இன்டர்ஃபேஸின் பெயர் ‘சீரியல் 0:15’, டி1-இல் (அமெரிக்க வகை) ‘0:23’.

இரண்டு வகை அழைப்பும் ஒரே கம்பியில் வந்தாலும் இறங்கும் இடம் வேறு. டேட்டா அழைப்பு டி-சேனல் இன்டர்ஃபேஸின் ஐபி, பிபிபி அமைப்பில் இறங்கும். மோடம் அழைப்பு குரூப்-அசிங்க் இன்டர்ஃபேஸில் இறங்கும். மோடம் பயனருக்கு முகவரி வரவில்லை என்று சீரியல் 0:15-ஐத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் வேறு கதவைத் தட்டுகிறார்கள்.

எல்லா மோடம் அழைப்பும் ஏறுகின்றன, ஆனால் அடிக்கடி மறுபயிற்சி எடுத்துத் திக்கி, பல லைன்களிலும் மாறிமாறி அறுகின்றன என்றால் ‘ஷோ கன்ட்ரோலர் ஈ1’ அடித்து ‘ஸ்லிப்’ நொடிகளைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டிருந்தால் கடிகாரம் ஒத்துப்போகவில்லை; ‘கிளாக் சோர்ஸ் லைன் பிரைமரி’ போட்டு, ஃப்ரேமிங் ‘சிஆர்சி4’-ஆ இல்லையா என்பதைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு ஒன்றாக்குங்கள். எண்ணிக்கைகளைக் ‘கிளியர் கவுன்டர்ஸ்’ கொண்டு துடைத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஸ்லிப் பூஜ்யத்திலேயே நின்றால் சரியாகிவிட்டது.